அமெரிக்கப் படிப்பு: முதலாண்டோடு முடிவதன்று

பிள்ளையை அமெரிக்காவிற்கு அனுப்பிப் பொறியியல் படிக்க வைக்க விரும்பும் பெற்றோர்களே! பல்கலைக்கழகத்தின் புகழை மட்டும் கொண்டு முடிவெடுத்து விடாதீர்கள்.

அங்கே ஏபெட் என்னும் அமைப்பு பல்கலைக்கழகத்திற்கன்று, தனித்தனிப் பாடப்பிரிவுகளுக்கே அங்கீகாரம் அளிக்கிறது. ஆகவே பிள்ளை சேரவிருக்கும் பிரிவு அதனைப் பெற்றுள்ளதா என்று பாருங்கள்.

அடுத்தது செலவு. மாநில அரசுப் பல்கலைக்கழகங்களின் குறைந்த கட்டணம் அம்மாநிலத்தவர்க்கே உரியது. வெளிநாட்டு மாணவர் மிகுதியாகச் செலுத்த வேண்டும். குடும்பத்தின் பொருள்நிலையைப் பாராமல் வெளிநாட்டவரையும் சேர்த்து, தேவைக்கேற்ப உதவும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் போன்றவை மிகச் சிலவே.

விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தை வழங்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் முதலாண்டுச் செலவுக்கான ஆதாரத்தையே கேட்கின்றன. இளநிலைப் படிப்போ நான்காண்டு! 'பிள்ளை வேலை பார்த்துச் சமாளிப்பான்' என்று எண்ணாதீர்கள். எஃப்-1 விசாவில் உள்ளோர் கல்விப் பருவத்தில் வளாகத்திற்குள் வாரம் 20 மணி நேரமே பணிபுரியலாம். அவ்வூதியம் கட்டணத்திற்குப் போதாது.

இரண்டாம் ஆண்டில் வட்டிக் கடனை நாடுவதும், படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்புவதும் நேராதிருக்க வேண்டுமானால், நான்காண்டுக் கணக்கையும் இன்றே எழுதிப் பாருங்கள். அதன் பின்னர் விண்ணப்பியுங்கள்.