நேற்று 3 விழுக்காடு, இன்று ஒன்றுமில்லை: வானியலாளர்கள் கணக்கை மாற்றுவது ஏன்?

2025 ஜனவரி இறுதியில் ‘2024 ஒய்ஆர்4’ என்ற சிறுகோள் உலகச் செய்தியானது. 2032 டிசம்பர் 22ஆம் தேதி அது பூமியில் மோதும் வாய்ப்பு 1 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. பிப்ரவரி 18ஆம் தேதி அது 3.1 விழுக்காடாக ஏறியது. 2004இல் அபோஃபிஸ் சிறுகோளுக்குக் கிடைத்த 2.7 விழுக்காட்டையும் மிஞ்சிய எண் அது. ஆனால், பிப்ரவரி 24க்குள் அது 0.004 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது.

நாளுக்கொரு கணக்குச் சொல்கிறார்களே என்ற சந்தேகம் எழுவது இயல்புதான். ஆனால், அப்படிக் கணக்கைத் திருத்திக்கொண்டே இருப்பதுதான் இந்தத் துறையில் இருப்பவர்களின் அன்றாட வேலை.

இன்றைய வானியலாளர் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்ப்பது அபூர்வம். கணினித் திரைதான் அவருடைய வானம். இந்தச் சிறுகோளை 2024 டிசம்பர் 27ஆம் தேதி முதலில் படம்பிடித்தது சிலி நாட்டிலுள்ள அட்லாஸ் தொலைநோக்கி. வானத்தின் ஒரே பகுதியை அது அடுத்தடுத்துப் படமெடுக்கும். விண்மீன்கள் அசையாமல் நிற்க, ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருந்தால் கணினி அதைக் காட்டிக்கொடுக்கும். பூமிக்கு மிக அருகே வந்து இரண்டு நாள் கழித்துத்தான் இது சிக்கியது. அதாவது, விலகிப் போகும் வழியில்!

ஒரு புள்ளியை ஓரிரு இரவு பார்த்தால் அதன் பாதை தெரியாது. எட்டு ஆண்டு கழித்து எங்கே இருக்கும் என்று சொல்ல, பல வாரங்கள் அளக்க வேண்டும். பெரிய தொலைநோக்கிகளில் நேரம் கிடைப்பது எளிதல்ல. பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்து, நடுவர் குழு ஏற்றுக்கொண்டால் சில இரவுகள் கிடைக்கும். அந்த இரவில் மேகம் சூழ்ந்தால் போனது போனதுதான். இப்படிப்பட்ட அவசர வேளைகளுக்கு மட்டும் இயக்குநரே கொஞ்சம் நேரம் ஒதுக்கித் தருவார். பிப்ரவரி 12ஆம் தேதி பௌர்ணமி வந்தது. ஏற்கெனவே மங்கிக்கொண்டிருந்த சிறுகோள் நிலவொளியில் சரியாகத் தெரியவில்லை. உலகமே எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்த வாரத்தில் நிலவு தேயும்வரை பலரும் காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, ஆபத்து இல்லாத கல்லுக்கு வாய்ப்பு ஏன் முதலில் ஏறியது?

வீட்டில் ஒரு தோடு தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பத்து இடங்களில் ஏதோ ஒன்றில் இருக்கலாம். அதில் ஒன்று, விழுந்தால் திரும்பக் கிடைக்காத வாசல் கால்வாய். ஐந்து இடங்களைத் தேடி முடித்தும் கிடைக்கவில்லை என்றால், தோடு கால்வாயில் விழுந்திருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்றாகக் கூடிவிடும். பயமும் கூடும். ஆறாவதாகப் பார்த்த அலமாரியில் தோடு கிடைத்ததும் அது ஒரேயடியாகச் சுழியமாகும். தோடு தொடக்கத்திலிருந்தே அலமாரியில்தான் இருந்தது. மாறியது தேடியவருக்குத் தெரிந்த அளவு மட்டுமே.

சிறுகோளும் அப்படித்தான். 2032இல் அது இருக்கக்கூடிய இடம் முதலில் மிக நீண்ட ஒரு பட்டையாக இருந்தது. அளவுகள் சேரச் சேரப் பட்டை சுருங்கியது. பூமி அதற்குள்ளேயே இருந்தவரை வாய்ப்பு ஏறியது. பட்டையின் விளிம்பு பூமியைத் தாண்டியதும் மளமளவென்று இறங்கியது.

எண் ஏறும்போதே அதை வெளியிட்டதைச் சிலர் வீண் பீதி என்றனர். ஆனால் இந்தக் கல்லின் அகலம் ஏறக்குறைய 60 மீட்டர். 2013இல் ரஷ்யாவின் செலியாபின்ஸ்க் வானில் வெடித்தது சுமார் 20 மீட்டர்தான். அதற்கே சன்னல் கண்ணாடிகள் நொறுங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அதோடு, விழக்கூடிய வழித்தடத்தில் தெற்காசியாவும் இருந்தது. முடிவு உறுதியாகும்வரை மூடி வைத்திருந்தால்தான் பிழை.

‘2024 ஒய்ஆர்4’ 2028 டிசம்பரில் மீண்டும் பூமியின் பக்கம் வரும்.