அரை லிட்டர் பாக்கெட்டில் எத்தனை மில்லி குறையும்?

அரை லிட்டர் பால் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக அளந்தால் எல்லாவற்றிலும் 500 மில்லி இருக்காது. ஒன்றில் 502, இன்னொன்றில் 505, எப்போதாவது 499. நிரப்பும் இயந்திரத்தின் அழுத்தம், பாலின் வெப்பம், வால்வு மூடும் கணம் என்று பல சின்னக் காரணங்கள் அளவைக் கொஞ்சம் ஏற்றும், கொஞ்சம் இறக்கும். இப்படிப் பல சிறு காரணங்கள் ஒன்றையொன்று சாராமல் கூடும் இடங்களில், அளவுகள் பெரும்பாலும் சராசரியைச் சுற்றிக் குவிந்து இருபுறமும் ஒரேபோல மெலிந்துவிடும். வரைந்து பார்த்தால் மணி வடிவம். பாடப்புத்தகத்தில் இதன் பெயர் இயல்நிலைப் பரவல்.

இதை வைத்துக் கணக்குப் போட இரண்டு எண்கள் போதும். ஒன்று சராசரி. மற்றொன்று திட்ட விலக்கம், அதாவது அளவுகள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கும் என்பது. ஓர் இயந்திரத்தின் சராசரி 503 மில்லி, திட்ட விலக்கம் 2 மில்லி என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பாக்கெட்டில் எத்தனை 500க்குக் கீழே போகும்?

500 என்பது சராசரிக்கு 3 மில்லி கீழே. 3ஐ 2ஆல் வகுத்தால் 1.5. சராசரிக்கு ஒன்றரை திட்ட விலக்கத்துக்கும் கீழே விழுபவை சுமார் 6.7 சதவீதம் என்கிறது இயல்நிலைப் பரவலுக்கான அட்டவணை. ஆக, 67 பாக்கெட்.

சராசரியை 504 ஆக்கினால் இடைவெளி இரண்டு திட்ட விலக்கமாகி, குறைபவை 23 ஆகும். ஆனால் தினமும் ஒரு லட்சம் பாக்கெட் போடும் பண்ணைக்கு அந்த ஒரு மில்லி 100 லிட்டர் பால். சராசரியைத் தொடாமல் இயந்திரத்தைச் சீர்செய்து திட்ட விலக்கத்தை 1 ஆக்கினாலோ, ஆயிரத்துக்கு ஒன்றிரண்டுதான் குறையும். பாலைக் கூட்டுவதைவிட மெக்கானிக்கைக் கூப்பிடுவது மேல்!

இந்த மணி வடிவ வளைவை 1733இல் முதலில் எழுதிக் காட்டியவர் ஆப்ரகாம் டி மாய்வர். பிரான்சிலிருந்து லண்டனுக்குப் புலம்பெயர்ந்து, கணக்குச் சொல்லிக்கொடுத்தும் சூதாடிகளுக்கு வாய்ப்புகளைக் கணித்துக் கொடுத்தும் பிழைத்தவர். காசு சுண்டும் கணக்கில் கிடைத்ததை, வானியல் அளவீட்டுப் பிழைகளுக்கு 1809இல் பயன்படுத்தினார் கணிதவியலாளர் காஸ். ஜெர்மனியின் பழைய 10 மார்க் நோட்டில் அவர் முகமும் இந்த வளைவும் சேர்ந்தே அச்சாயின.

சுவையான கதை பெல்ஜிய வானியலாளர் கெட்லேயுடையது. ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட சுமார் ஒரு லட்சம் பிரெஞ்சு இளைஞர்களின் உயரப் பட்டியலை அவர் இந்த வளைவோடு ஒப்பிட்டார். 157 சென்டிமீட்டருக்குக் குறைந்தவர்களுக்கு அப்போது விலக்கு இருந்தது. அந்த வரம்புக்குக் கீழே எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய 2,000 பேர் அதிகம். சற்று மேலே அதே அளவுக்குப் பற்றாக்குறை. அத்தனை பேரும் ராணுவத்துக்குத் தப்பக் குட்டையாகிவிட்டார்கள் என்று முடிவு கட்டினார் கெட்லே.

எல்லாவற்றுக்கும் இந்த வளைவைப் போர்த்த முடியாது. சம்பளம், நில விலை போன்றவை ஒரு பக்கமாக நீண்டு கிடக்கும். பங்குச்சந்தையில் காரணங்கள் தனித்தனியாக இயங்குவதில்லை. ஒருவர் விற்பதைப் பார்த்து ஊரே விற்கும். 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் சரிந்தது. அதன் வழக்கமான அன்றாட ஏற்ற இறக்கத்தை வைத்துப் பார்த்தால் அது 20 திட்ட விலக்கங்களுக்கும் அப்பால். பாடப்புத்தக அட்டவணைகளோ பெரும்பாலும் நான்குக்குள்ளேயே முடிந்துவிடும்.