மிரட்டலுக்கு அஞ்சி அழித்துவிடாதீர்கள்

படம் பார்த்து வந்த இரவே அதைப் பற்றிய தம் அபிப்பிராயத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து, பாட்காஸ்டாகவோ யூடியூப் காணொளியாகவோ வெளியிடும் ரசிகர்கள் இன்று அநேகர். ஊதியத்தைக் கருதாமல், சினிமாவின் மீதுள்ள அபிமானம் ஒன்றாலேயே இதைச் செய்துவரும் இவர்கள், தயாரிப்பாளர் தரப்பிலிருந்து ஓர் அறிவிப்பு வந்த மாத்திரத்தில், தாம் பேசியதில் பிழை உண்டா என்றுகூடப் பாராமல், பதறிப்போய்ப் பதிவையே அழித்துவிடுவதை நான் திரும்பத் திரும்பக் காண்கிறேன். அழித்த பிறகு ஆலோசனை கேட்பதில் பிரயோஜனம் குறைவு.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில், விமர்சனத்தின் பொருட்டு ஒரு படைப்பை நியாயமான அளவில் எடுத்தாள்வது உரிமை மீறல் ஆகாது என்று தெளிவாகவே கூறுகிறது. படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனங்களைத் தடுக்க வேண்டுமென்று 2024 டிசம்பரில் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியபோதும் இடைக்காலத் தடை கிடைக்கவில்லை.

ஆனால் ரசிகர்களின் அஜாக்கிரதையும் சாமானியமானதன்று. பத்து விநாடிக்குள் அடங்கினால் எந்தக் காட்சியையும் போடலாம் என்ற நம்பிக்கைக்கு நம் சட்டத்தில் ஆதாரமே இல்லை. எந்தக் காட்சியைப் பற்றிப் பேசுகிறீர்களோ அதை, பேச்சுக்கு வேண்டிய அளவு மட்டும் காட்டுங்கள். பேச்சின் பின்னணியில் முழுப் பாட்டையும் ஓடவிடுவது விமர்சனம் ஆகாது. திரையரங்கில் கைப்பேசியால் திரையைப் படம்பிடிப்பதோ, திரைப்படச் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, குறைந்தது மூன்று மாதச் சிறையும் மூன்று லட்ச ரூபாய் அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். ஒரு விநாடிகூடப் பிடிக்காதீர்கள்.

யூடியூபில் வரும் ஆட்சேபங்கள் இருவகைப்படும். பலர் இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். இயந்திரமே ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும் ‘கான்டென்ட் ஐடி’ கோரிக்கையால் சேனல் போய்விடாது; அங்கேயே மறுப்புப் பதிவு செய்தால், உரிமை கோருபவர் முப்பது நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கோரிக்கை காலாவதியாகும். மறுப்பில் சட்டப்பிரிவின் எண்ணை மட்டும் எழுதி நிறுத்தாமல், இன்ன நிமிஷத்தில் இன்ன காட்சி, அதைப் பற்றி நான் சொன்ன கருத்து இது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். உரிமையாளரே காணொளியை நீக்கச் சொல்லி, அது நீக்கப்படும்போது விழும் ‘ஸ்ட்ரைக்’ என்பது வேறு. தொண்ணூறு நாட்களுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே நீக்கப்படலாம். இதற்கு எதிர் அறிவிப்பு அனுப்பினால், எதிர்த்தரப்பு பத்து வேலை நாட்களுக்குள் சட்ட நடவடிக்கைக்கு ஆதாரம் காட்டாதபட்சத்தில் காணொளி திரும்பி வரும். எனினும் அதில் உங்கள் பெயரும் விலாசமும் எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேர்வதோடு, அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு நீங்கள் இணங்குவதாகவும் ஆகிறது. ஆகையால் வழக்கறிஞரிடம் காட்டாமல் அதை அனுப்பாதீர்கள். இத்தனை கனமான நிபந்தனையை விமர்சகர் கண்ணில் படும்படி உரக்கச் சொல்லாத நிறுவனத்தின் அலட்சியம் கண்டிக்கத்தக்கது.

வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற உத்தரவு அன்று. பதறி வாட்ஸ்அப்பில் மன்னிப்பு எழுதாதீர்கள். எந்த வாக்கியத்தை ஆட்சேபிக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். ‘நாயகனின் நடிப்பு சகிக்கவில்லை’ என்பது அபிப்பிராயம். ‘தயாரிப்பாளர் தொழிலாளருக்குக் கூலி பாக்கி வைத்திருக்கிறார்’ என்பது, கையில் ஆதாரம் இல்லாவிட்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய அவதூறு ஆகக்கூடும். பதிப்புரிமையின் பெயரால் ஆதாரமின்றி மிரட்டினால், மிரட்டியவர்மீதே நீங்கள் வழக்குத் தொடரவும் பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு இடமளிக்கிறது.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று சோர வேண்டாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பாராமலும், மற்றவர்களுக்கு வருமான வரம்புக்கு உட்பட்டும், இலவச உதவி கிடைக்கும்; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது நோட்டீஸ், அது வந்த உறை, பதிவின் மூலப்பிரதி, வெளியிட்ட தேதி தெரியும் திரைப்பிடிப்பு, அடையாளச் சான்று ஆகியவற்றைக் கொண்டுசெல்லுங்கள். மறுபடியும் சொல்கிறேன், மூலப்பிரதியை அழித்துவிடாதீர்கள். தபால் முத்திரையுள்ள உறையையும் குப்பையில் போடாதீர்கள், பதில் சொல்லும் அவகாசம் எப்போது தொடங்கியது என்பதற்கு அதுவே சாட்சி.