லாந்தருக்கு மின்னொளி, சந்நிதிக்கு எண்ணெய்த் திரி

நம்மில் பலருடைய வீட்டுப் பரண்மீது இன்றும் ஒரு லாந்தர் விளக்கு இருக்கும். அரிக்கேன் விளக்கு என்றும் ராந்தல் என்றும் ஊருக்கு ஊர் பெயர் வேறுபடும். மார்கழி விடியலில் திருப்பள்ளியெழுச்சிக்குச் சென்ற நம் பெற்றோருக்கு வழிகாட்டியது அதுவே. திருவிழாவுக்குப் புறப்பட்ட மாட்டுவண்டியின் அடியில் ஆடிக்கொண்டே இரவெல்லாம் உடன் வந்ததும் அதுவே. மின்சாரம் ஊருக்குள் வந்தது, லாந்தர் பரணேறியது.

இப்போது அதைக் கீழே இறக்கிப் பார்க்கும் பேரப்பிள்ளைகள், “இதற்குள் ஒரு பல்பைப் பொருத்தித் திண்ணையில் தொங்கவிடலாமே” என்கிறார்கள். பெரியவர்களுக்கோ ஒரு தயக்கம். எண்ணெயில் எரிந்த விளக்கை மின்விளக்காக மாற்றுவது முறையா? முடிவெடுக்க இயலாமல் அதைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுவிடும் குடும்பங்களும் உண்டு. வேறு சில இல்லங்களில், லாந்தரை மாற்றிய கையோடு பூஜையறைக் குத்துவிளக்கிலும் மின்பல்பைச் செருகிவிடுகிறார்கள். இந்த இரண்டையும் ஒரே கேள்வியாகக் கருதுவதால்தான் குழப்பம் விளைகிறது.

லாந்தர் எதற்காகப் பிறந்தது என்று முதலில் பார்ப்போம். அதன் இருபுறமும் வளைந்து இறங்கும் குழாய்கள் அழகுக்காக அமைந்தவை அல்ல. சுடருக்கு வேண்டிய காற்றை அவை நிதானப்படுத்திக் கீழே கொண்டு சேர்க்கின்றன. அதனால்தான் வெளியே பலத்த காற்று வீசினாலும் உள்ளே சுடர் அணைவதில்லை. ஆக, அது நடப்பதற்கும் காவலுக்கும் வேலைக்கும் உரிய விளக்கு. அதில் எரிந்தது மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயை நாம் சந்நிதியில் ஏற்றுவதில்லை. நெய்யும் நல்லெண்ணெயும் இலுப்பெண்ணெயுமே அங்கு உரியவை. லாந்தர் கோயில் வாசல்வரை நம்மோடு வந்து, வெளியே காத்திருந்த துணைவன். நான் பணியாற்றிய ஒரு கிராமக் கிளையில் மாலையில் மின்சாரம் நின்றுவிட்டால், லாந்தர் வெளிச்சத்தில்தான் ரொக்கத்தைச் சரிபார்த்துப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவோம். அந்த ஒளி பல்பிலிருந்து வந்தாலும் கணக்கு அதே கணக்குத்தான். எனவே லாந்தரை மின்விளக்காக மாற்றுவதில் எந்த மரபும் முறிவதில்லை.

மாற்றும் முறையில்தான் கவனம் வேண்டும். முதலாவதாக, அடித்தொட்டியில் எஞ்சியிருக்கும் மண்ணெண்ணெயைத் திறந்தவெளியில் வடித்துவிட வேண்டும். சோப்பு நீரால் சிலமுறை அலசி, மூடியைத் திறந்துவைத்துச் சில நாள்கள் வெயிலில் காயவிட வேண்டும். வாடை முற்றிலும் நீங்கும்வரை தீக்குச்சியை அருகில் கொண்டுசெல்லலாகாது. ஓட்டை இருக்கிறதென்று பற்றவைக்கக் கொடுப்பதும் ஆபத்து. வெறும் தொட்டியாகத் தோன்றினாலும் உள்ளே தங்கிய ஆவி சூட்டில் வெடிக்கக் கூடும்.

இரண்டாவதாக, லாந்தரின் உடல் முழுவதும் உலோகம் என்பதை மறக்கக் கூடாது. வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டை நேராக அதற்குள் செலுத்தினால், கம்பியின் உறை சற்றே தேய்ந்தாலும் தொட்டவரைத் தாக்கும். ஈரக் கையோடு கோலமிட்டு வரும் பெண்களும், எட்டிப் பிடிக்கும் குழந்தைகளும் உள்ள வீட்டில் இது வேண்டாம். கைப்பேசிக்கு மின்னேற்றும் 5 வோல்ட் அடாப்டரால் எரியும் சிறிய எல்.இ.டி. பல்பு போதும். 230 வோல்ட்தான் வேண்டுமென்றால், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு, உலோக உடலை நில இணைப்போடு சேர்த்து, மூன்று முனைப் பிளக்கைப் பொருத்தச் செய்ய வேண்டும்.

மூன்றாவதாக, பழைய விளக்கில் புதிதாகத் துளையிட வேண்டியதில்லை. திரியை உருவிவிட்டால், அது ஏறி வந்த குழாயே கம்பிக்கு வழியாகிறது. மெல்லிய இரட்டைக் கம்பியை அதன் வழியே தொட்டிக்குள் இறக்கி, எண்ணெய் ஊற்றும் வாய் வழியாக வெளியே எடுத்துவிடலாம். பிளக்கைக் கடைசியாக இணைத்துக்கொள்ளலாம். தகரத்தின் விளிம்பு கம்பியை அறுத்துவிடாமல் இரண்டு வாய்களிலும் ரப்பர் உறை இட வேண்டும். கழற்றிய திரியையும் மூடியையும் ஒரு துணிப்பையில் முடிந்து பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் யாரேனும் பழைய நிலைக்குக் கொண்டுவர விரும்பினால், ஒரு குறையும் இல்லாமல் கொண்டுவரலாம். முன்னோர் பொருளைப் பயன்படுத்தும் உரிமை நமக்கு உண்டு. அதன் உருவை அழிக்கும் உரிமை நமக்கு இருப்பதாக நான் எண்ணவில்லை.

பல்பு வெண்ணிறமாக வேண்டாம். மஞ்சள் ஒளி தருவதைக் கேட்டு வாங்குங்கள். ஒரு வாட் பல்பு தினமும் 12 மணி நேரம் எரிந்தால், 30 நாள்களில் செலவாவது 360 வாட் மணி, அதாவது ஒரு யூனிட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இரவில் எழுந்து நடக்கும் முதியவர்களுக்கு இது செலவில்லாத துணை.

இனி இரண்டாவது கேள்வி. பூஜையறை விளக்கையும் இவ்வாறு மாற்றலாமா?

இதற்கு விடை நம் கோயில் சுவர்களிலேயே இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தாவிளக்குக்கு நிவந்தம் அளித்த செய்திகள் ஏராளம். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள்; அவற்றைப் பெற்றவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ‘சாவா மூவாப் பேராடு’ என்று அவற்றைக் குறித்தார்கள். கிழடானவை கழிந்தாலும் குட்டிகள் அந்த இடத்தை நிரப்பும், எண்ணிக்கை குறையாது. முதல் அப்படியே நிற்க, வட்டி மட்டும் விளக்காக எரியும் நிரந்தர வைப்பு இது. வாழ்நாளெல்லாம் வைப்புக் கணக்குகளைப் பார்த்த எனக்கு, இதைவிடச் சிறந்த வைப்பு ஒன்றும் தென்படவில்லை. ஆடு மேய்த்தவர், கறந்தவர், நெய் உருக்கியவர், அளந்தவர், திரியிட்டவர் என எத்தனை பேருடைய உழைப்பு அந்த ஒரு சுடருக்குள்!

விளக்குத் தொண்டால் உயர்ந்த நாயன்மார்களும் இதையே உணர்த்துகிறார்கள். நமிநந்தியடிகள் நெய் கிடைக்காத நிலையில் திருவாரூர்க் குளத்து நீரை முகந்து விளக்கேற்றினார். கணம்புல்லர் புல் விற்று விளக்கெரித்தவர். புல் விலைபோகாத நாளில் அந்தப் புல்லையே எரித்தார், அதுவும் போதாதபோது தம் தலைமுடியையே எரிக்கத் துணிந்தார். திருவொற்றியூர்க் கலியநாயனார் பொருளெல்லாம் தீர்ந்தபின் தம் குருதியையே எண்ணெயாக்க முற்பட்டார். திருமறைக்காட்டில் அறியாமல் திரியைத் தூண்டிய எலி, மறுபிறவியில் மாவலியாகப் பிறந்தது என்பது தலவரலாறு. இவை யாவும் போற்றுவது வெளிச்சத்தின் அளவை அன்று. அதற்காக ஒருவர் எழுந்து செய்த பணியை. எண்ணெய் வார்த்து, திரி திரித்து, தூண்டிவிடும் அந்தச் சில நிமிடங்களே வழிபாடு. பொத்தானை அழுத்துவதில் வெளிச்சம் உண்டு. அந்தப் பணி இல்லை.

இதனால் முதியவர்கள் தம்மை வருத்திக்கொள்ள வேண்டும் என்று பொருளன்று. கை நடுக்கமும் பார்வைக் குறைவும் உள்ளவர்கள், தனியாக வசிப்பவர்கள், இரவெல்லாம் விளக்கை எரியவிட்டு உறங்குவது தகாது. காலையும் மாலையும் ஒரே ஓர் அகலை ஏற்றி, எதிரில் அமர்ந்து, ஒரு பதிகமோ நாமாவளியோ சொல்லி முடிக்கும்வரை எரியட்டும். பிறகு வாயால் ஊதாமல், பூவால் ஒற்றிக் குளிரவைத்துவிட்டு எழுங்கள். முந்தானையும் மேல்துண்டும் சுடரில் படாதவாறு செருகிக்கொள்ளுங்கள். விளக்கைத் தரையிலோ தாம்பாளத்திலோ வையுங்கள்; திரைச்சீலைக்கும் மரத்தட்டுக்கும் அருகில் வேண்டாம். அதற்குப் பின் இரவுக் காவலை மின்னொளி ஏற்ற லாந்தர் பார்த்துக்கொள்ளும்.

வரும் திருக்கார்த்திகைக்கு முன்பாகப் பரணிலிருந்து லாந்தரை இறக்கித் துடைத்து, பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து மாற்றிப் பாருங்கள். தீபத்தன்று அது வாசல் உத்தரத்தில் தொங்கட்டும். அதன் கீழே படிகளில் வைக்கும் அகல்களுக்கு எண்ணெய் வார்க்கும் பணியை அந்தப் பிள்ளைகளின் கைகளிலேயே கொடுங்கள்.