ஆடிப் பட்டத்தில் ஒரு படிப்பு: 'ஸ்வயம்' இணையவழிக் கல்வியில் சேருவோர் கவனிக்க வேண்டியவை

ஆடி பிறந்ததும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரி விவசாயிகள் வானத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள். அந்த ஜூலை மாதத்தில் இன்னொரு பட்டமும் தொடங்குகிறது. மத்திய அரசின் 'ஸ்வயம்' என்னும் இணையவழிக் கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு பருவங்கள். ஒன்று ஜனவரியில், மற்றொன்று ஜூலையில் ஆரம்பமாகிறது. கல்லூரியில் படிக்கும் உழவர் வீட்டுப் பிள்ளைகள் இதில் சேரலாம். படிப்பை நிறுத்திவிட்டு நிலத்தைக் கவனித்து வரும் இளைஞர்களும் சேரலாம்.

சேருவதற்குக் கட்டணம் இல்லை. ஆனால், சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் படிப்பை முடிப்பதில்லை. உலகெங்கும் இத்தகைய படிப்புகளில் கண்ட அனுபவம் இதுதான். இலவசமாகக் கிடைத்த விதையை நேர்த்தி செய்யாமல் வீசிவிட்டு, முளைக்கவில்லை என்று வருந்துவது போன்றது இது. விதைத்த முதல் பதினைந்து நாள் பயிருக்கு எவ்வளவு முக்கியமோ, சேர்ந்த முதல் பதினைந்து நாள் இந்தப் படிப்புக்கும் அவ்வளவு முக்கியம்.

தொலைவிலிருந்து கற்பது புதிதல்ல

ஆசிரியர் ஓரிடம், மாணவர் ஓரிடம் என்பது நம் பகுதிக்குப் புதிய செய்தி அல்ல. திருச்சி வானொலி நிலையம் 1939-ல் தொடங்கியது. 1960-களில் ஆடுதுறை 27 நெல் தஞ்சை மாவட்டத்தில் வேகமாகப் பரவியதில் வானொலிக்குப் பெரும் பங்கு உண்டு. அதனாலேயே விவசாயிகள் அதை 'ரேடியோ நெல்' என்று அழைத்தார்கள். பின்னர் 'பண்ணைப் பள்ளி' என்ற பெயரில் வானொலி பாடங்களையே நடத்தியது. விவசாயிகள் பெயரைப் பதிவு செய்துகொண்டு, பாடம் கேட்டு, வினாக்களுக்குத் தபாலில் விடை அனுப்பினார்கள்.

வானொலிப் பாடம் குறித்த நேரத்தில் வீடு தேடி வந்தது. இணையவழிப் பாடத்தை நாம்தான் தேடிப் போக வேண்டும். எந்த நேரத்திலும் படிக்கலாம் என்ற வசதியே, எந்த நேரத்திலும் படிக்காமல் போவதற்குக் காரணமாகிவிடுகிறது.

திட்டத்தின் அமைப்பு

'ஸ்வயம்' 2017 ஜூலை 9-ம் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. ஒன்பதாம் வகுப்பு முதல் முதுகலைப் படிப்பு வரையிலான பாடங்கள் இதில் உண்டு. ஒவ்வொரு படிப்பிலும் நான்கு அங்கங்கள் இருக்கும். ஆசிரியர் நடத்தும் வீடியோ பாடம், இறக்கிக்கொண்டு படிக்கக்கூடிய பாடக் குறிப்பு, தன்னைத் தானே சோதித்துக் கொள்ளும் வினாக்கள், சந்தேகங்களைக் கேட்பதற்கான பகுதி ஆகியவையே அவை.

ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் 'என்.பி.டி.இ.எல்.' படிப்புகள் இதில் பெரும் பகுதி. வேளாண்மையைப் பொறுத்தவரை கரக்பூர் ஐ.ஐ.டி. மண்ணியல், நுண்ணீர்ப் பாசனம், அங்கக வேளாண்மை, பால் பொருள் தயாரிப்பு முதலிய பாடங்களை நடத்தியிருக்கிறது. எல்லாப் படிப்பும் எல்லாப் பருவத்திலும் இராது. அந்தப் பருவத்துப் பட்டியலைப் பார்த்தே தேர்வு செய்ய வேண்டும்.

சேரும் முறை

முதலில் மாணவருக்குச் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் முகவரி வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் முகவரியிலோ கணினி மையத்துக்காரர் முகவரியிலோ பதிவு செய்வது பிறகு தொல்லை தரும். தேர்வு அறிவிப்பு, நுழைவுச் சீட்டு எல்லாம் அந்த முகவரிக்கே வரும். கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது.

அடுத்தது பெயர். பதிவில் எப்படிக் கொடுக்கிறோமோ அப்படியே சான்றிதழில் வரும். பள்ளிச் சான்றிதழில் உள்ள எழுத்துகளிலேயே, இனிஷியலும் அதே வரிசையில் கொடுப்பது நல்லது.

மூன்றாவது, படிப்பைத் தேர்ந்தெடுப்பது. பட்டியலைப் பார்த்ததும் ஆசையில் நான்கைந்து படிப்புகளில் சேர்ந்து விடுகிறார்கள். ஒரு கிணற்றுத் தண்ணீரை ஐந்து ஏக்கருக்குப் பாய்ச்சினால் எதற்கும் போதாது. முதல் பருவத்தில் ஒரே ஒரு படிப்பு போதும். சேரும் முன்பே அதன் அறிமுக வீடியோவையும் வாரவாரியான பாடத் திட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். என்.பி.டி.இ.எல். படிப்புகள் 4 வாரம், 8 வாரம், 12 வாரம் என மூன்று அளவில் உள்ளன. வாரத்துக்குச் சுமார் இரண்டரை மணி நேரப் பாடம் இருக்கும். அதோடு வினாக்களுக்கு விடை எழுதவும் நேரம் வேண்டும்.

பட்டம் பார்த்துச் சேர வேண்டும்

வேலையோடு படிப்பவருக்கு இதுவே முக்கியமான இடம். பெரம்பலூர் பகுதியில் மானாவாரி மக்காச்சோளமும் பருத்தியும் பெரும்பாலும் புரட்டாசி மழையை நம்பி விதைக்கப்படுகின்றன. ஜூலையில் சேரும் 12 வாரப் படிப்புக்குத் தேர்வு அக்டோபர் இறுதியிலோ நவம்பர் தொடக்கத்திலோ வருவது வழக்கம். விதைப்பு, களையெடுப்பு, மேலுரம், மருந்து தெளிப்பு எல்லாம் அந்த நாட்களிலேயே வந்து சேரும். ஜனவரிப் பருவத்தில் சேர்ந்தால் தொடக்க வாரங்களில் கதிர் அறுவடையும் பஞ்செடுப்பும் இருக்கும். ஆனால் ஏப்ரலில் தேர்வு வரும்போது மானாவாரி நிலத்தில் வேலை குறைந்திருக்கும்.

நிலத்தில் இறங்கி வேலை செய்பவர் ஜூலையில் 4 வாரப் படிப்பையும், ஜனவரியில் நீண்ட படிப்பையும் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். சேர்ந்த அன்றே ஒவ்வொரு வார வினாத்தாளுக்கும் உரிய கடைசித் தேதியைத் தினசரி காலண்டரில் குறித்துவிட வேண்டும். கெடு தாண்டினால் தளம் அந்த விடைத்தாளை வாங்காது. கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை என்ற சமாதானம் அங்கே செல்லாது. ஆகவே கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே விடைகளை அனுப்பிவிடுவது நல்லது.

தேர்வும் சான்றிதழும்

பலர் ஏமாறும் இடம் இது. படிப்பில் சேருவது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. பாடம் இலவசம். சான்றிதழ் வேண்டுமானால் தனியாகப் பதிவு செய்து, கட்டணம் கட்டி, குறிப்பிட்ட மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். வாராவாரம் ஒழுங்காகப் படித்த மாணவரும் இந்தப் பதிவுத் தேதியை விட்டுவிட்டால் உழைப்பு வீணாகும். பதிவு செய்யும்போதே பெரம்பலூரிலிருந்து காலையில் பஸ் ஏறி நேரத்துக்குப் போய்ச் சேரக்கூடிய ஊரில் மையம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

என்.பி.டி.இ.எல். படிப்புகளில் வாராந்திர வினாக்களுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75 மதிப்பெண். முதலாவதில் 10-ம், இரண்டாவதில் 30-ம் எடுத்தால்தான் சான்றிதழ். 12 வாரப் படிப்பில் சிறந்த 8 வார மதிப்பெண்களே கணக்கில் எடுக்கப்படும். ஒன்றிரண்டு வாரம் வயல் வேலையில் தவறிப்போனாலும் படிப்பைக் கைவிட வேண்டியதில்லை.

கல்லூரி மாணவர்களுக்கு இன்னொரு பலனும் உண்டு. பட்டப் படிப்பின் ஒரு பருவத்தில் 20 சதவீதம் வரையிலான பாடங்களை இவ்வாறு படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-ல் விதி செய்தது. 2021-ல் அது 40 சதவீதமாக உயர்த்தப்பட்டது. ஆனால் எந்தப் படிப்பை ஏற்பது என்பதை அந்தந்தக் கல்வி நிறுவனமே முடிவு செய்யும். துறைத் தலைவரிடம் முன்கூட்டியே கேட்டு, முடிந்தால் எழுத்தில் ஒப்புதல் பெற்ற பிறகே சேர வேண்டும். படித்து முடித்த பின் கேட்டு, ஏற்க முடியாது என்று தெரிந்தால் ஒரு பருவமே பாழாகும்.

சிக்னலும் மொழியும்

ஊரில் இணைய வசதி குறைவாக இருந்தால் டவுனுக்குப் போகும் நாளில் அந்த வாரத்துப் பாடங்களைச் செல்போனில் இறக்கிக்கொள்ளலாம். பாடக் குறிப்பை அச்செடுத்து வைத்துக்கொண்டால் மோட்டார் ஓடும் நேரத்தில் கிணற்றடியிலும் படிக்கலாம். இணையமே இல்லாதவர்களுக்காக 2017-ல் 32 அலைவரிசைகளுடன் 'ஸ்வயம் பிரபா' தொலைக்காட்சித் திட்டம் தொடங்கப்பட்டது. இதில் ஒரே பாடம் நாளில் பல முறை ஒளிபரப்பாகும்.

உயர்நிலைப் படிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. அதற்காகத் தயங்க வேண்டாம். என்.பி.டி.இ.எல். பல பாடங்களின் எழுத்து வடிவத்தைத் தமிழிலும் வெளியிட்டிருக்கிறது. கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் தகவல் தளத்திலும் பயிர் வாரியாகத் தமிழில் செய்திகள் கிடைக்கும். அதில் ஒரு முறை படித்துவிட்டு வீடியோவைப் பார்த்தால் ஆங்கிலப் பாடமும் புரியும்.

படித்ததை நிலத்தில் சோதிக்க வேண்டும்

கற்பது எவ்வளவு அவசரமானது என்பதை 2018-ம் ஆண்டு இந்த மாவட்டங்களுக்குக் காட்டியது. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த படைப்புழு அந்த ஆண்டு மே மாதம் கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. சில மாதங்களுக்குள் பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோள வயல்களையும் அது தாக்கியது. விவசாயிகள் அதுவரை பார்த்திராத புழு அது. பழைய புழு என்று நினைத்துத் தெளித்த மருந்து பலன் தரவில்லை. புழு குருத்துக்குள் ஒளிந்திருந்து தின்னும். தெளிப்பு குருத்துக்குள் இறங்க வேண்டும், அதுவும் புழு சிறிதாக இருக்கும்போதே தெளிக்க வேண்டும் என்பது தெரிவதற்குள் பல வயல்களில் கதிர் போய்விட்டது.

அடுத்த முறை புதிதாக ஒரு பூச்சி வரும்போது, அதன் வாழ்க்கைப் பருவத்தைப் படித்தறியும் பழக்கமுள்ள ஒருவர் ஊருக்கு ஒருவராவது இருந்தால் நஷ்டம் குறையும். இணையவழிக் கல்வியால் ஊருக்குக் கிடைக்கக்கூடிய நன்மை இதுவே.

ஆனால் கரக்பூர் பேராசிரியர் பெரம்பலூர் கரிசலைப் பார்த்துப் பாடம் சொல்லவில்லை. பாடத்தில் கற்றதை முதலில் ஐந்து சென்ட் நிலத்தில் சோதிக்க வேண்டும். மருந்தின் அளவை உள்ளூர் சிபாரிசோடு ஒத்துப்பார்க்காமல் பயன்படுத்தக் கூடாது. வாலிகண்டபுரத்திலும் அரியலூர் மாவட்டம் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் உள்ளன. வேப்பந்தட்டையில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே கேட்கலாம். சின்ன வெங்காயத்தில் 'கோழிக்கால் நோய்' என்று விவசாயிகள் சொல்லும் நோய்க்குப் பொதுப் பாடத்தில் விடை கிடைக்காது. இவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கூடிப் படித்தால் முடிக்கலாம்

தேனி மாவட்டத்தில் 2000-களின் பிற்பகுதியில் நடந்த முயற்சி இதற்கு நல்ல வழிகாட்டி. காமன்வெல்த் கற்றல் அமைப்பும் 'விடியல்' என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து, கிராமப் பெண்களுக்கு ஆடு வளர்ப்பைச் செல்போன் குரல் செய்தி மூலம் கற்றுக்கொடுத்தன. வங்கிக் கடனும் அதோடு இணைந்திருந்தது. அந்தப் பெண்கள் கேட்ட பாடத்தைக் குழுவில் பேசினார்கள், தங்கள் ஆட்டிலேயே செய்து பார்த்தார்கள். கையில் இருந்தது சாதாரண செல்போன்தான். கருவியைவிடக் கூட்டமே அவர்களைக் கடைசி வரை படிக்க வைத்தது.

எனவே ஒரே தெருவில் இரண்டு மூன்று பேராவது ஒரே படிப்பில் சேருவது நல்லது. வாரத்தில் ஒரு மாலை கூடி, பார்த்த பாடத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம். பெற்றோரும் பிள்ளை செல்போனைப் பார்ப்பதெல்லாம் வீண்பொழுது என்று எண்ணாமல், அந்த மாலை நேரத்தில் வேறு வேலை வைக்காமல் இருந்தால் பெரிய உதவி. பெண் பிள்ளைகளுக்கு இந்த ஒரு மணி நேரம் கிடைப்பதே பல வீடுகளில் அரிது.

முதல் பதினைந்து நாளில் செய்ய வேண்டியவை வருமாறு: சொந்த மின்னஞ்சல், சரியான பெயர், ஒரே ஒரு படிப்பு, காலண்டரில் கெடு தேதிகள், தேர்வுப் பதிவு நாள், கூடப் படிக்க ஒருவர். இந்த ஆறும் அமைந்தால் படிப்பு வேர் பிடித்துவிட்டது என்று கொள்ளலாம். அதன் பிறகு வாரம் தவறாமல் தண்ணீர் பாய்ச்சினால் போதும்.