பாங்கியில் கணக்கு வையாதார்: காவேரிப்பாக்கம் வட்டாரத்தை முன்னிட்டு

காவேரிப்பாக்கத்துப் பெரிய ஏரி, பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக நீர் பெறுவது. அது நிரம்பிய வருஷத்தில் ஆயக்கட்டுக் குடியானவன் கையில் அறுவடை மாதத்தில் ரூபாய் நடமாடும். நிரம்பாத வருஷத்தில் அவனது நகை அடகுக்கடையில் இருக்கும். நிலமில்லாதவர்களுக்கோ நடவு, களை, அறுப்பு நாட்களில் வரும் கூலியும், வாலாஜா, இராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் பதனிடும் சாலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் கிடைக்கும் கூலியுமே ஜீவனம். இத்தகையோரில் சிலர் பாங்கியில் கணக்கின்றியும், பலர் கணக்கிருந்தும் அதனைத் தொடாமலும் வாழ்ந்து வருகின்றனர். இஃது அறியாமையின் பயன் என்று படித்தோர் எளிதிற் கூறிவிடுவர். விசாரித்துப் பார்க்குமிடத்து, அவர்கள் சொல்லும் காரணங்களிற் பெரும்பாலானவை நியாயமானவை என்றே புலப்படும்.

கணக்கில்லாதார் தொகை முன்போல் இல்லை என்பது உண்மையே. உலக பாங்கி எடுத்த கணக்குப்படி, 2011-ல் இந்தியாவில் வயது வந்தோரில் 100-க்கு 35 பேருக்கே கணக்கு இருந்தது. 2014 ஆகஸ்டு மாதம் ஜன் தன் திட்டம் ஏற்பட்ட பின்னர், 2021-ல் அது 78 ஆயிற்று. ஆனால் அவ்வாறு கணக்கு வைத்திருந்தோரிலும் 100-க்கு 35 பேர், ஒரு வருஷ காலம் அதில் ஒரு ரூபாய் போடவுமில்லை, எடுக்கவுமில்லை. புத்தகம் பெட்டியிலும் பணம் வேறிடத்திலும் இருந்தன.

அவ்வேறிடம் எது? முதலாவது தண்டல். தண்டல்காரர் ஆயிரம் ரூபாய்க் கடனுக்கு 150 ரூபாயை முன்னரே பிடித்துக்கொண்டு 850 ரூபாய் கொடுத்து, நாளொன்றுக்கு 10 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிப்பதாக வைத்துக்கொள்வோம். அசல் நாள்தோறும் குறைந்து வருவதால், இவ்வட்டி வருஷத்துக்கு நூற்றுக்கு நூறையும் தாண்டிவிடும். ஆயினும் அவர் விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலுக்கே வருகிறார், காகிதம் கேட்பதில்லை, குழந்தைக்குக் காய்ச்சலென்றால் இரவிலும் கொடுக்கிறார். பாங்கியோ கூலியாள் வேலை செய்யும் நேரத்தில்தான் திறந்திருக்கிறது. நூறு ரூபாயைப் போடுவதற்கு அரைநாட் கூலியும் பஸ் சார்ஜும் இழப்பவன் சிக்கனமுள்ளவன் ஆகமாட்டான். இரண்டாவது, சீட்டு. இதில் பத்துப் பேர் ஒருவரையொருவர் அறிந்திருப்பதே ஜாமீன். சீட்டுப் பிடிப்பவர் ஊரைவிட்டு ஓடிவிட்டால் அந்த ஜாமீனும் கூடவே ஓடிவிடுகிறது. மூன்றாவது தங்கம். ஒரு ஜோடி கம்மல் பாங்கிப் புத்தகத்தைவிட விரைவில் ரூபாயாகும். கூட்டுறவுச் சங்கத்தின் நகைக்கடன் மற்றக் கடன்களைவிட ஜனங்களுக்கு உவப்பாயிருப்பதற்கும் இதுவே காரணம்.

நம்பிக்கையைப்பற்றிய விஷயம் இவற்றினும் ஆழ்ந்தது. 1906 அக்டோபர் 22-ல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, மாகாணம் முழுவதிலுமுள்ள பல குடும்பங்களின் சேமிப்பு அழிந்தது. அடுத்த வருஷம் இந்தியன் பாங்கி தோன்றியதற்கு அந்த அனுபவமே ஒரு தூண்டுதல். 1938-ல் திருவாங்கூர் நேஷனல் குயிலான் பாங்கி கதவடைத்தது. பட்டணத்தார் கதை கிராமத்தாருக்கு எதற்கு என்று கேட்கலாம். கிராமத்தாருக்குச் சொந்தக் கதை ஒன்றுண்டு. 1904-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட கிராம நாணயச் சங்கங்கள் பெரும்பாலும் வரையறையற்ற பொறுப்புடையவை. ஒருவன் கடனைக் கட்டத் தவறினால், தவணை தவறாமற் கட்டிய அண்டைவீட்டானும் தன் சொத்தைக்கொண்டு ஈடுசெய்யக் கடமைப்பட்டவன். 1930-க்குப்பின் விளைபொருள் விலை விழுந்து தவணைகள் நின்றபோது, யோக்கியமாய் நடந்தவனுக்கே பயம் அதிகமாயிற்று. 1951–52-ல் நடந்த கிராமக் கடன் ஆராய்ச்சியில், குடியானவர் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு நாடு முழுவதும் 100-க்கு 3 அளவே என்று தெரியவந்தது. அச்சிறு பங்குக்கு அப்பயமும் ஒரு காரணமன்றோ?

இப்பொழுது நிலைமை வேறு. பாங்கி முறிந்தால், 2020 பிப்ரவரி முதல் ஒருவருக்கு ஒரு பாங்கியில் 5 லட்ச ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் உண்டு. ஜில்லா மத்தியக் கூட்டுறவு பாங்கிக்கும் இது பொருந்தும். ஆனால் கிராமத்திலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் டெபாசிட்டுக்கு இந்த இன்ஷூரன்ஸ் கிடையாது. இதனைச் சங்கத்தார் அங்கத்தினரிடம் மறைத்தல் ஆகாது. கேட்டவுடன் வெளிப்படையாய்ச் சொல்லும் காரியதரிசியிடமே ஜனங்கள் பணங்கொடுக்கத் துணிவர்.

வேறு சில காரணங்களும் உள. பழைய கடன் பாக்கியிருப்பவர், கணக்கில் விழும் தொகையைப் பாங்கியார் அதற்கு ஈடாகப் பிடித்துக்கொள்வர் என்று அஞ்சுகின்றனர். அவ்வச்சம் முற்றும் ஆதாரமற்றதன்று. வட்டி கூடாதென்னும் மார்க்க விதியை முன்னிட்டு முஸ்லிம்களிற் சிலர் சேமிப்புக் கணக்கை விரும்புவதில்லை. அவர்கள் வட்டியில்லா நடப்புக் கணக்கு வைத்துக்கொள்ளலாம், ஆயினும் அதற்குக் குறைந்தபட்ச இருப்பு அதிகமாகக் கேட்கப்படுவதுண்டு. பெண்கள் விஷயம் தனி. 2023 செப்டம்பர் முதல் மகளிர் உரிமைத் தொகையான ஆயிரம் ரூபாய், தகுதிபெற்ற பெண்ணின் சொந்தக் கணக்கிலேயே விழுகிறது. அதனை அன்றே முழுவதும் எடுத்துவிடுகிறார்களே என்று குமாஸ்தாக்கள் குறைகூறுவதுண்டு. மளிகைக் கடையில் ஒரு மாதப் பாக்கி நிற்கும்போது பணத்தைப் பாங்கியில் உறங்கவிடுவது எந்தச் சிக்கன சாஸ்திரத்திலும் இல்லை.

குறைந்தபட்ச இருப்பு வேண்டாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு 2012 முதல் எல்லாப் பாங்கிகளிலும் உண்டு. இதனைக் கேட்டுப் பெறவேண்டும் என்பதை அறியாதார் பலர். சங்கங்கள் செய்யத்தக்கது தண்டல்காரரிடமிருந்து கற்பதே. வாரத்தில் இரண்டு நாளாவது மாலையில் திறந்திருத்தல் வேண்டும். சிறு தொகையை வீட்டு வாசலிற் பெற்றுக்கொள்ள ஒருவரை நியமித்து, அவரிடம் தக்க ஜாமீனும் பெறவேண்டும். அவர் ரசீதில் எழுதிய தொகையைக் கட்டுபவர் எதிரிலேயே வாய்விட்டுப் படித்துக் காட்டவேண்டும். கட்டிய பணத்தை ஒருவர் இரவில் கேட்டால், மறுநாட் காலை அவர் வேலைக்குப் புறப்படுமுன் அது அவர் கையிற் சேரவேண்டும்.