சுருங்கிய நுரையீரல்

மாணவர்களே! நமது நுரையீரல் ரப்பர் பலூனைப் போன்றது. எப்போதும் சுருங்கவே முயலும். அதை விரித்து வைத்திருப்பது எது?

நுரையீரலை மூடிய சவ்வுக்கும் மார்புச் சுவரின் உட்சவ்வுக்கும் நடுவே மெல்லிய திரவப்படலம் உண்டு. அங்கே அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. ஆகவே சவ்வுகள் இரண்டும் விலகுவதில்லை. நீர் தடவி ஒட்டிய இரு கண்ணாடித் தகடுகளை நேராக இழுத்துப் பாருங்கள், விளங்கும்!

முறிந்த விலா எலும்பு குத்தினாலோ, நுரையீரலின் மேலுள்ள சிறு கொப்புளம் உடைந்தாலோ அவ்விடத்தில் காற்று புகும், நுரையீரல் சுருங்கும். நெஞ்சு வலிக்கும், மூச்சுத் திணறும், இரத்தத்தில் பிராணவாயு குறையும். புகுந்த காற்று வெளியேறாமல் பெருகினால் இதயமே ஒருபுறம் தள்ளப்படும், உயிருக்கு ஆபத்து.

மருத்துவர் மார்பில் குழாய் செருகி, மறுமுனையை நீரில் அமிழ்த்துவார். காற்று குமிழிகளாக வெளியேறும். நீர் அதைத் திரும்ப விடாது. நுரையீரல் மீண்டும் விரியும். புகைபிடிப்போருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதை மறவாதீர்கள்!